இரண்டு விரல் இறங்க வேண்டும்

நான் ஐந்து வருடம் சிங்கப்பூரைப் பின்பக்கமாகத்தான் பார்த்தேன். எல்லாரும் வருகிற தெருவைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் போய்விட்ட தெருவைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கோபுரம் என்றால் அது முதலில் தலைக்கு மேல் பெரிதாக நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, ஒரு மரக்கிளைக்குள் போய் மறைந்துவிடும். காலாங் ஆற்றுப் பாலம் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியாது. அது போன பிறகுதான் தெரியும். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன். முகம் ஒரு கணம்தான் தெரியும். பிறகு அவர்கள் நின்ற இடம் மட்டும் நெடுநேரம் தெரிந்துகொண்டிருக்கும்.

பிள்ளைகளே, நான் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத் திடல், விளையாட்டு மைதானம், கல்லறைத் தோட்டம், எங்கே புல் வளர்ந்தாலும் நாங்கள் போவோம். ஆனால் அந்த டிராக்டர் அங்கெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. அது சின்ன டிராக்டர். ஒரு மாடு படுத்திருக்கிற நீளம்தான் இருக்கும், ஆனால் கனம் ஏழெட்டு மாட்டுக் கனம். அதை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, லாரியின் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போவோம். நான் லாரியின் பின்தட்டில் ஒரு அரிசிச் சாக்கை மடித்துப் போட்டு, டிரெய்லரைப் பார்த்தபடி உட்கார்ந்து வருவேன். ஏதாவது அசைந்தால் கேபினைத் தட்ட வேண்டும். அதற்காகத்தான் அப்படி உட்காருவது.

அந்த லாரியை ஓட்டியவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சம்பளப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரி அண்ணன் என்போம். உயரமான மனிதர். காக்கி அரைக்கால் சட்டையும் வெள்ளைப் பனியனும்தான் அவர் உடுப்பு. நெற்றியில் திருநீறு எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும். இமைகள் பாதி இறங்கியே இருப்பதால் தூங்கிக்கொண்டே நடக்கிறார் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவர் ஓட்டுவதும் அப்படித்தான் இருக்கும். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் போகும்போது சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய், கடையில் சாமான் வாங்கி, திரும்பவும் எங்களைத் தாண்டிப் போவார்கள்.

ஒருநாள் டாக்சிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"என்னண்ணே, சாமி ஊர்வலமா? தேங்காய் உடைக்கணுமா?"

"உடைங்கலா," என்றார் இவர், சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வந்து சேர்றதுக்குள்ள சில்லைக் கூட்டிடுங்க. எனக்கு டயர் முக்கியம்."

முன்னால் போகிற வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே நாலைந்து லாரி நிற்கிற இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் அவருக்கு. அந்த இடத்தைப் பார்த்தால் கார்க்காரர்கள் விடுவார்களா? உள்ளே புகுந்துவிடுவார்கள். இவர் மறுபடி பின்வாங்குவார். மறுபடி ஒருவர் புகுவார். "அண்ணே, இன்னிக்குப் பாதி சிங்கப்பூரு நமக்கு முன்னால பூந்துடுச்சு," என்று நான் பின் ஜன்னல் வழியாகச் சொல்வேன். "பூந்துக்கட்டும் தம்பி. இடம் விட்டுத்தானே வர்றோம்," என்பார்.

டிரெய்லரைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. அது நம் பின்னால் வருவதில்லை, நம்மைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பார். "மேட்டுல நாம அதுக்கு எஜமான். இறக்கத்துல அது நமக்கு எஜமான். நாம மறந்தாலும் அது மறக்காது." இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும், வீட்டில் தூங்குகிற யாரையோ பற்றிப் பேசுவது போல.

ஏற்றுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் லாரிக்கும் டிரெய்லருக்கும் சக்கரத்தில் கட்டை வைப்பார். இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஏறிக் குதித்துப் பார்ப்பார். பிறகு நான் டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டி ஏற்ற வேண்டும். மூக்கு முன்னால் போக ஏற்றினால் பலகையில் ஏறும்போது மூக்கு மேலே தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழலாம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கனம். டிராக்டருக்குக் கனம் எல்லாம் பின்சக்கரத்தின் மேல்தான். போதாததற்குப் புல்வெட்டும் தகடும் அங்கேதான் தொங்கும். அந்தக் கனமான பக்கம் லாரிக்கு அருகில், டிரெய்லர் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும். அது பின்னால் போய்விட்டால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும்.

ஏற்றி முடித்ததும் நாலு மூலைக்கும் நாலு சங்கிலி. ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகு அதில் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்குவார். கொக்கி கழன்றுவிட்டாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இருக்க அடியில் இரண்டு சங்கிலி, குறுக்கும் மறுக்குமாக. இவ்வளவும் ஒரு சொல் பேசாமல் செய்வார். நடுவில் யாராவது பேசிவிட்டால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. மண்டோர் ஒருநாள் தெரியாமல் "மணி என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். மண்டோர் என்றால் எங்களை எல்லாம் வேலை வாங்குகிற மேஸ்திரி. லாரி அண்ணன் நாலாவது சங்கிலியில் இருந்தவர் மணியைச் சொல்லிவிட்டு, பேசாமல் போய் முதல் கட்டையிலிருந்து தொடங்கினார். அதன்பிறகு அவர் சுற்றி வரும்போது மண்டோரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று உண்டு. அதுதான் அவர்.

அவர் தன் வேலையைத் தானே சரி என்று சொல்ல மாட்டார். பின்னால் தள்ளி நின்று, "நான் கட்டினது எனக்கு நல்லாத்தான் தெரியும். நீ பாரு," என்பார். நான் சுற்றி வர வேண்டும். கடைசியாக லாரியின் பின்சக்கரத்துக்கும் அதன் மேல் இருக்கிற மட்கார்டு தகட்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் லாரியாக இருக்கும்போது அங்கே நாலு விரல் இடைவெளி. டிராக்டர் சரியான இடத்தில் உட்கார்ந்தால் லாரி கொஞ்சம் தாழ்ந்து இரண்டு விரல்தான் இருக்கும். இரண்டு விரல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கனம் பின்னால் இருக்கிறது என்று பொருள். அந்த விரல் வைக்கிற வேலை எப்போதும் என்னுடையது. அவர் தொட மாட்டார். நான் "சரிண்ணே" என்றால்தான் சாவியை எடுப்பார்.

அதோடும் முடியாது. அரை மைல் போனதும், லாவண்டர் ஸ்திரீட் திரும்புவதற்கு முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அங்கே லாரியை ஓரம் கட்டுவார். ஓட்டத்தில் டயர் கொஞ்சம் அமுங்கிச் சங்கிலி தளர்ந்திருக்கும், அதை இறுக்க வேண்டும். மறுபடி "நீ பாரு." அது முடிந்தால்தான் மரத்தடிக் கடையில் கோப்பி. அந்த மரத்தின் சின்ன இலைகள் எங்கள் கோப்பியிலும் டிராக்டர் மூக்கிலும் ஒன்றுபோல விழும்.

அந்தக் கோப்பிக் கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "ஏண்ணே, உங்க கல்யாணத்துல தாலியக் கட்டிட்டுப் பக்கத்துல இருந்தவரப் பாத்துச் சொல்லச் சொன்னீங்களாமே?"

"ஏன், உங்க கல்யாணத்துல மூணு முடிச்சையும் நீங்களேவா போட்டீங்க?"

"மொத முடிச்சு நான். மத்த ரெண்டும் எங்க அக்கா போட்டுச்சு."

"ஏன் அக்கா போட்டுச்சு?"

"நான் போட்டது அவுந்துடக் கூடாதில்ல?" என்றார் கடைக்காரர்.

"அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு லாரி அண்ணன் கோப்பியைக் குடித்தார்.

அந்தப் பயணங்களை இப்போது நினைத்தால் எனக்குத் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும். டிராக்டரைப் பின்பக்கமாக ஏற்றியதால் அதன் முதுகு எனக்கு. அதுவும் நானும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போவோம், போய்விட்ட தெருவை. எங்கள் பின்னால் வருகிற கார்களில் இருக்கிற குழந்தைகள் டிராக்டரின் இரண்டு விளக்கையும் கண் என்று நினைத்து அதற்குக் கை காட்டும். கேலாங், பிறகு சாங்கி ரோடு. வீடுகள் குறைந்து தென்னை வரும். கடல் தெரியாது, ஆனால் காற்றில் உப்பு வந்துவிடும். மெதுவாகப் போனதால் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. ஒரு தென்னை மட்டை கழன்று விழுவதை முழுவதும் பார்க்கலாம். ஒரு மலாய்க்கார அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரிசெய்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போகலாம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

நான் அப்போது நாள் கூலி. மழை பெய்தால் கூலி இல்லை. உங்கள் அம்மாவுக்கு எட்டாவது மாதம். மண்டோர் என்னிடம், "வருஷக் கடைசில உன் பேர பெர்மனன்ட்டுக்கு எழுதுறேன். நான் சொல்றபடி இரு," என்று சொல்லியிருந்தார். பெர்மனன்ட் என்றால் மழை பெய்தாலும் மாதச் சம்பளம். நானும் உங்கள் அம்மாவும் அந்தச் சொல்லை இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொள்வோம்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் பெரிய சாமந்தி மாலை போட்டோம். மறுநாள் காலை பூஜை போட்ட வண்டிக்கு முதல் வேலை. பிடோக்கில் ஒரு பள்ளிக்கூடத் திடல். அதற்கு அடுத்த நாள் அங்கே விளையாட்டுப் போட்டி, அதனால் அன்றே வெட்டியாக வேண்டும். நான் வழக்கம்போல டிராக்டரைப் பின்பக்கமாகத் திருப்பினேன். மண்டோர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னப்பா இது? மாலை போட்ட வண்டி மொத வேலைக்குப் போவுது. முதுகக் காட்டிக்கிட்டா போவும்? மூஞ்சி முன்னால பாக்கணும். சாமி பல்லக்குல பின்னாலயா பாத்துக்கிட்டுப் போவுது?"

"சாமிக்கு முன்கனம் பின்கனம் இல்ல மண்டோரே," என்றார் லாரி அண்ணன். "இதுக்கு இருக்கு."

"ஒரு நாள்தானேலா. ஒரு நாள்ல என்ன ஆயிடும்?" மண்டோர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன் வண்டி. வீட்டுல வாயும் வயிறுமா ஒரு பொண்ணு இருக்கு. நல்ல நாளு அதுவுமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறது உனக்கு நல்லாவா இருக்கு?"

மண்டோர் கெட்ட மனிதர் இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார். நான் டிராக்டரை முன்பக்கமாகத் திருப்பினேன். மூக்கு தூக்காமல் எப்படியோ ஏற்றிவிட்டேன். மண்டோர் திருப்தியாகச் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லி வைக்கிறேன் என்று பஸ் பிடிக்கப் போனார்.

லாரி அண்ணன் சங்கிலிகளைப் போட்டார். தொங்கிப் பார்த்தார். பின்னால் தள்ளி நின்றார்.

"எனக்கு மனசு ஒப்பல தம்பி. நீ பாரு. நீ சரின்னா போறேன்."

நான் சுற்றி வந்தேன். பின்சக்கரத்துக்கு மேல் விரல் வைத்தேன். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. லாரி இறங்கவே இல்லை. அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார், எப்போதும் அப்படித்தான் நிற்பார், நான் பார்ப்பதை அவர் பார்க்கக் கூடாதென்று. நான் விரலை எடுத்தேன்.

"சரிண்ணே," என்றேன்.

தூங்குமூஞ்சி மரத்தடியிலும் நிறுத்தினார். அங்கேயும் கேட்டார். அங்கேயும் சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

அன்றுதான் முதல்முறையாக டிராக்டர் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. சந்தனம் பூசிய மூக்கு, மாலை, இரண்டு விளக்கு. காலை வெயில் அந்த விளக்குகளில் பட்டு என் முகத்தில் அடித்தது. சமதளத்தில் போகும் வரைக்கும் ஒன்றும் இல்லை. சிக்லாப் தாண்டி ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அதில் இறங்கத் தொடங்கியதும் அந்த முகம் மெதுவாக இடது பக்கம் போயிற்று, ஒரு சாண். பிறகு வலது பக்கம், இரண்டு சாண். யாரோ தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்று சொல்வது போல இருந்தது. எனக்கு அது ஒரு கனவு போலவும் எவ்வளவோ நேரம் நடந்தது போலவும் இருக்கிறது. சாமந்தி இதழ்கள் காற்றில் பிய்ந்து என் மடியில் விழுந்தன. அப்புறம்தான் லாரியின் வாலும் சேர்ந்து ஆடுவது என் இடுப்புக்குத் தெரிந்தது. கேபினை இரண்டு கையாலும் அடித்தேன்.

அவர் பிரேக் போடவில்லை. போட்டிருந்தால் பின்னால் இருக்கிற கனம் வந்து லாரியை மடக்கியிருக்கும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பின் ஜன்னல் வழியாக அவர் கழுத்து தெரிந்தது. அது அசையவே இல்லை.

இறக்கத்தின் அடியில் ஒரு பஸ் நிறுத்தம். ஒரு சீன அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். அந்த அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாக்கடைக்கு அந்தப் பக்கம் தாவியதைப் பார்த்தேன். டிரெய்லரின் மூலை பஸ் நிறுத்தக் கம்பத்தை இடித்தது. கம்பம் சாய்ந்தது. அந்த அம்மாவின் கீரைக் கட்டு தெருவில் சிதறியது. அதற்கு மேல் தெரு சமமாயிற்று. ஆட்டம் இரண்டு சாணிலிருந்து ஒரு சாண் ஆகி, பிறகு நின்றது. லாரியும் நின்றது.

அவர் இறங்கி முதலில் அந்த அம்மாவிடம் போனார். பிள்ளைகளின் கை காலைப் பார்த்தார். கீரையைப் பொறுக்கிக் கொடுத்தார். பிறகு வந்து, தன் வழக்கத்துக்கு மாறாக, பின்சக்கரத்தின் மேல் தானே விரல் வைத்தார்.

"எத்தன விரல் பாத்தே தம்பி?"

"நாலு."

"நாலுன்னு சொல்லியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். தெருவோரப் புல்லில் பலகையைப் போட்டு, டிராக்டரை இறக்கி, திருப்பி, பின்பக்கமாக ஏற்றினோம். சங்கிலி போட்டார். தொங்கினார். பின்னால் தள்ளி நின்றார். நான் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் அந்தச் சீன அம்மாவிடம் போய், "தோலோங் தெங்கோக்," என்றார். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று மலாயில். இரண்டு விரலை நீட்டிக் காட்டி, எங்கே வைக்க வேண்டும் என்று சைகை செய்தார். டிரெய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த அம்மா கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, மிகக் கவனமாக விரல் வைத்துப் பார்த்து, "போலே," சரிதான், என்று மலாயில் சொல்லித் தலையாட்டினார். லாரி அண்ணன் நன்றி சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார். நான் என் சாக்கில் போய் உட்கார்ந்தேன்.

பிடோக் போய்ச் சேரும்போது வெகுநேரம் ஆகிவிட்டது. மண்டோர் திடல் வாசலிலேயே நின்றார். மாலை திரும்பி இருப்பதைப் பார்த்தார்.

"யார் திருப்பினது?"

"நான்தான்," என்றார் லாரி அண்ணன். அது உண்மைதான்.

"எனக்குத் தெரியும்லா. இன்னொரு தரம் லேட்டாச்சுன்னா லாரிச் சாவிய வெச்சுட்டுப் போயிடு. வேற ஆளு இருக்கு." பிறகு என் தோளில் கை வைத்தார். "இவனப் பாரு. சொன்ன பேச்சக் கேக்குறான். உன் பேர எழுதுறேன்பா. கவலப்படாத."

நான் பலகையை எடுக்கப் போனேன். லாரி அண்ணன் கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஒரு மாதம் அவர் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. எருமைக் கொட்டகையிலிருந்து வருகிற பால்காரரைச் சொல்வார். தபால்காரரைச் சொல்வார். ஒருநாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவரை நிறுத்திச் சொன்னார், அவர் அர்ச்சனைத் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் விரல் வைத்தார். என்னிடம் கோபமாக ஒரு பேச்சு இல்லை. கோப்பி வாங்கிக் கொடுப்பார். சங்கிலி எடு என்பார். "நீ பாரு" மட்டும் இல்லை. பயணத்தில் பின் ஜன்னல் வழியாகப் பேசினால் பதில் சொல்வார், ஆனால் அவராக ஒன்றும் கேட்க மாட்டார்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சரி தம்பின்னாரு."

"அப்புறம்?"

"அப்புறமும் பால்காரரத்தான் கூப்பிட்டாரு."

அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நீங்க பாத்தத பாத்தபடி சொல்லுவீங்கன்னு இருந்தாரு. இப்ப இல்ல. அதுக்கு மன்னிப்புக் கேட்டு என்ன பண்றது?"

மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஒருநாள் விடியும் வரைக்கும் கொட்டிவிட்டு அப்போதுதான் நின்றிருந்தது. லாரி நிறுத்துகிற எங்கள் கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு முழுவதும் வானம் கிடந்தது. காத்தோங் பக்கம் மழை இல்லை, வேலைக்கு வரலாம் என்று செய்தி வந்ததால் டிராக்டரை ஏற்றினோம். லாரி அண்ணன் சங்கிலி போட்டு முடித்து, பின்னால் தள்ளி நின்றார். தெருவில் யாரும் இல்லை. பால்காரர் மழைக்கு இன்னும் வரவில்லை. தபால்காரருக்கு நேரம் ஆகவில்லை. கொட்டகையில் அவரும் நானும்தான்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு போய் லாரிப் படியில் உட்கார்ந்தார். காத்திருந்தார். லேட் ஆனால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு "சரி" இல்லாமல் அவரால் கிளம்ப முடியாது. என்னிடம் கேட்கவும் முடியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் சொல்லாமலே நான் எழுந்து போனேன். கட்டையிலிருந்து தொடங்கினேன். நாலு சங்கிலியிலும் தொங்கினேன். கொக்கியின் அடியில் படுத்துப் பார்த்ததில் முதுகெல்லாம் சேறு. விரல் வைத்தேன். சரியாக இருந்தது. டிரெய்லரின் டயர்களைக் குதிகாலால் அமுக்கினேன். வலது டயர் கல் மாதிரி இருந்தது. இடது டயர் ஒரு நூல் அமுங்கியது போல இருந்தது. மறுபடி அமுக்கினேன். அமுங்கவில்லை போலவும் இருந்தது.

"அண்ணே. இடது டயர்ல காத்து கம்மியோன்னு தோணுது. நிச்சயமாச் சொல்லத் தெரியல."

அவர் எழுந்து வந்தார். அமுக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"எனக்கும் ரெண்டாந்தரம் தெரியல. மொதத்தரம் தெரிஞ்சுது."

அவர் உள்ளே போய்க் கால் பம்பை எடுத்துவந்து டயரில் மாட்டினார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மிதித்தோம். டயரில் உண்மையிலேயே காற்றுக் குறைவாக இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மிதித்துக்கொண்டிருக்கும்போது மண்டோர் குடையோடு வந்தார். மணியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"இன்னும் கிளம்பலயா? யார் நிறுத்தினது?" என்று லாரி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நான்," என்றேன். "டயர் சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகமா? நீயுமா?"

"அன்னிக்கு பிடோக்குக்கு லேட்டானதும் என்னாலதான் மண்டோரே. கனம் பின்னால இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னு சொன்னேன். இறக்கத்துல டிரெய்லர் ஆடிப் போச்சு. ரெண்டு பிள்ளைங்க மேல ஏறியிருக்கும். அவரு திருப்பினதாலதான் நாங்க வந்து சேந்தோம்."

மண்டோர் குடையை மடக்கினார். ஒரு மாதமாக நான் எதைச் சொல்லாமல் இருந்தேன் என்று அவருக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. லாரி அண்ணனையும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ உன் பேர எழுதுறதுக்கில்ல," என்றார். "அடுத்த வருஷம் பாக்கலாம் உன் கதய." சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

நான் மிச்சக் காற்றையும் மிதித்தேன். லாரி அண்ணன் பம்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வந்து, பின்னால் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ம். பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரிண்ணே."

சாவியை எடுத்தார். தெருவில் கிடந்த வானத்தின் மேல் லாரி மெதுவாக ஏறிப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் பின் ஜன்னலில் குரல் வந்தது.

"வீட்டுல எப்போ தம்பி?"

"இன்னும் பத்து நாள் சொல்றாங்கண்ணே."

மூத்தவளே, பத்து நாள் ஆகவில்லை. நீ ஒன்பதாவது நாளே வந்துவிட்டாய். அந்த வருடம் மழை அதிகம். நாள் கூலிக்காரன் வீட்டில் மழை என்றால் என்ன என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. பாதி நாள் கஞ்சிதான். உன் அம்மா அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சொன்னாள். நிறையவே சொன்னாள். ஆனால் மழை விட்ட காலைகளில், அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நம் சந்து முனையில் ஒரு லாரி மெதுவாக வந்து நிற்கிற சத்தம் கேட்கும். லாரி அண்ணன் முன்பெல்லாம் அப்படி வந்ததில்லை. ஹாரன் அடிக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு, நான் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். நான் உன் தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டு ஓடுவேன்.